ஜிம்மி மூன்று தடவை விழுந்தான், மூன்றுக்கும் காரணம் ஒன்றா?

கேள்வி:

டாக்டர் சாருக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் ஜிம்மி வெள்ளை ஸ்பிட்ஸ், 11 வயது, 9 கிலோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் மர்மர் கேட்கிறது என்றார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் நுரையீரலில் நீர் கோத்து ஒரு ராத்திரி முழுக்க ஆக்ஸிஜனில் வைத்திருந்தார்கள். அதிலிருந்து பிமோபெண்டான், லாசிக்ஸ், எனலாப்ரில் என்று இதயத்துக்கான மூன்று மாத்திரையும் காலையும் ராத்திரியும் கொடுக்கிறோம். போன ஒரு மாதத்தில் மூன்று தடவை திடீரென்று விழுந்துவிட்டான். முதல் தடவை, புனேயில் படிக்கும் பையன் வந்த அன்று. காலிங்பெல் அடித்ததும் கதவுக்கு ஓடி, குரைத்துச் சுற்றிச் சுற்றி வந்தவன், ஒரு மாதிரி ஊளையிட்டுச் சாய்ந்தான். முன்னங்கால் விறைத்தது, தரையிலேயே மூத்திரம் போய்விட்டது. இருபது எண்ணுவதற்குள் எழுந்து வாலை ஆட்டினான். இரண்டாவது தடவை, விடியற்காலை 3 மணிக்கு இருமி இருமி விழுந்தான். மூன்றாவது போன ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில். ஓடவும் இல்லை, இருமவும் இல்லை, கால் துவண்டு படுத்துவிட்டான். பக்கத்து வீட்டு மாமி வலிப்பு என்கிறார். என் மைத்துனர் ஹார்ட் அட்டாக் என்று சொல்லி, தன் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். தடுத்தது சரிதானா? விழும்போது நெஞ்சை அமுக்க வேண்டுமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு பயத்தில் லாசிக்ஸை நானே ஒன்றுக்கு ஒன்றரையாகக் கொடுக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரண்டு நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. இவன் பிழைப்பானா?

பதில்:

தடுத்தது சரிதான் அம்மா. மைத்துனர் நல்ல மனசோடுதான் செய்யப் போனார், நம் வீடுகளில் ஐம்பது தாண்டிய ஆண்கள் பாதிப் பேர் சட்டைப்பையில் அந்த மாத்திரை இருக்கும், அவசரத்துக்குக் கை அங்கேதான் போகும். ஆனால் சார்பிட்ரேட் செய்கிற வேலை ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தை இறக்குவது. மூளைக்கு ரத்தம் போதாமல் விழுந்து கிடக்கிற நாய்க்கு அழுத்தத்தை இன்னும் இறக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆள் எடைக்கான மாத்திரை வேறு, இவன் 9 கிலோ.

ஹார்ட் அட்டாக் என்று நாம் சொல்வது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பது. நாய்களுக்கு அது ரொம்ப அபூர்வம். ஜிம்மிக்கு இருப்பது வால்வு வியாதி. இடது பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு வயசாக ஆகத் தடித்து, சரியாக மூடாமல், ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் மேல் அறைக்கே திரும்பிப் போகிறது. அந்தக் கசிவின் சத்தம்தான் மர்மர். நாய்களில் வரும் இதய நோய்களில் முக்கால்வாசி இதுதான், அதுவும் ஸ்பிட்ஸ், பொமரேனியன், டேஷ்ஹண்ட் மாதிரி சின்ன உருவங்களுக்குத்தான் அதிகம் வரும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், இந்த நேரத்தில் இப்படிச் சொல்வதற்கு மன்னியுங்கள். என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "திடீர்னு விழுந்துட்டான் டாக்டர்" என்று மட்டும் சொல்வார்கள், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் மூன்று தடவையும் விழுவதற்கு முந்தைய அரை நிமிஷத்தை எழுதியிருக்கிறீர்கள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்தது. அதை வைத்துப் பார்த்தால் இந்த மூன்று விழுகைக்கும் காரணம் ஒன்றாக எனக்குத் தெரியவில்லை. இதய நோய் இருக்கிற நாய் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது.

கடைசியில் நடந்ததை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் இன்றைக்கே செய்யவேண்டியது அதில்தான் இருக்கிறது. லாசிக்ஸ் உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் மூத்திரமாக வெளியே தள்ளும் மாத்திரை. அதை ஒன்றரை மடங்காக்கிவிட்டீர்கள். கூடவே இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அந்த வழியிலும் தண்ணீர் போயிருக்கிறது, பொட்டாசியமும் போயிருக்கும். மூன்றாவதாக எனலாப்ரில், அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் உடம்பு வற்றி, அழுத்தம் விழுந்து, நிற்கத் தெம்பில்லாமல் கால் துவளும். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விழுந்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடமே எனக்கு ஒரு துப்பு. தாகத்தில்தான் அங்கே போயிருப்பான்.

உங்களைத் திட்டவில்லை. விழுந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டியிருக்கிறீர்கள், ஆனால் நீர் கோத்த நாய்க்கு மூச்சு வாங்கும், கழுத்தை நீட்டி உட்கார்ந்தபடியே இருக்கும், படுக்காது. விழுந்து இருபது வினாடியில் எழுந்து வாலை ஆட்டுவது அந்தக் கதை இல்லை. சரி, இப்போது என்ன செய்யலாம்? இதைப் படித்த கையோடு உங்கள் டாக்டருக்கு போன் செய்து, எத்தனை நாளாக எவ்வளவு கூட்டிக் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பழைய அளவுக்கு எப்படித் திரும்புவது, எனலாப்ரிலை ஒரு நாள் இரண்டு நாள் நிறுத்திவைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். பயந்துபோய் லாசிக்ஸை நீங்களாக மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள், அப்போது நிஜமாகவே நுரையீரலில் நீர் ஏறிவிடும். ரத்தம் எடுத்து கிரியாட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம் பார்க்கவேண்டும், கையோடு ரத்த அழுத்தமும் பார்க்கவேண்டும். இடையில் வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டைத் தொடாமல் படுத்தே கிடந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இப்போது முதல் விழுகை, பையன் வந்த நாள். ஒரு மாதம் பார்க்காத பிள்ளை கதவைத் திறந்து வருகிறான், இவனுக்குத் தலைகால் புரியவில்லை, குரைப்பு, ஓட்டம், சுற்றல். கசியும் வால்வோடு இருக்கும் இதயம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவேண்டும். அந்த உச்சத்தில் சில நாய்களுக்கு நரம்பு வழியாக நேர் எதிரான கட்டளை ஒன்று போய், துடிப்பு சடாரென்று குறைந்துவிடும், சில வினாடி நின்றேவிடும். மூளைக்கு ஏழெட்டு வினாடி ரத்தம் போகாவிட்டால் நினைவு தப்பிவிடும். விழுந்து, உடம்பு தரையோடு படிந்ததும் ரத்தம் சுலபமாக மூளைக்குப் போகிறது, எழுந்துவிடுகிறான். வால்வு வியாதி உள்ள சின்ன நாய்கள் விழுவதற்கு இது ஒரு சாதாரணமான காரணம், பார்க்கத்தான் உயிரே போனமாதிரி இருக்கும்.

ஆனால் அதே மாதிரி ஓட்டத்தில் விழுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, அவற்றை இல்லை என்று உறுதி செய்யாமல் நான் உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஒன்று, துடிப்பு குறைவதற்குப் பதிலாகத் தாறுமாறாக ஏறுவது. மேல் அறை விரிந்து விரிந்து அதன் மின்னோட்டமே குழம்பிப்போனால் நிமிஷத்துக்கு 200, 250 என்று இதயம் படபடக்கும், அந்த வேகத்தில் உள்ளே ரத்தம் நிரம்பவே நேரம் இருக்காது, நிரம்பாததை வெளியே எப்படித் தள்ளும்? இன்னொன்று, நுரையீரலுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிப்போவது. இடது பக்கம் வருஷக்கணக்காகக் கசிந்தால் அதன் பின்விளைவாக நுரையீரல் பக்கமும் அழுத்தம் கூடும், அப்புறம் இதயத்தின் வலது பக்கம் அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளிக் களைத்துவிடும். இந்த நாய்கள் ஓடும்போது, மாடி ஏறும்போது, உற்சாகத்தில் விழும். டாப்ளர் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் தெரிந்துவிடும். அதற்குத் தரும் மருந்து ஸில்டெனஃபில், அதாவது வயாக்ரா, ஆமாம், அதே மருந்துதான். சயானில் என்னிடம் வரும் ஒரு தாத்தா தன் டேஷ்ஹண்டுக்கு அதை வாங்க மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரப் பையன் சிரித்த சிரிப்பைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து சீட்டில் "நாய்க்கு" என்று பெரிசாக எழுதித் தருகிறேன். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மருந்து சாப்பிடுகிற நாய்க்கோ ஆளுக்கோ சார்பிட்ரேட் வகையறா கொடுத்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். மைத்துனரிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, விடியற்காலை இருமல். விரிந்துபோன மேல் அறை மூச்சுக்குழாய்க் கிளையைக் கீழிருந்து அமுக்கும், அதனால் இருமல் வரும். ஸ்பிட்ஸ், பொமரேனியனுக்கு மூச்சுக்குழாயே தொளதொளவென்று தட்டையாகிற வியாதியும் உண்டு, வாத்து கத்துவதுபோல ஒரு வறட்டு இருமல். எது எப்படியோ, விடாமல் இருமும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரவேண்டிய ரத்தம் தடைப்படும், கூடவே துடிப்பும் குறையும், தொப்பென்று விழுவான். இதற்கு லாசிக்ஸ் மருந்தாகாது. எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் தெளிவாக இருக்கிறதா, இருமல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, இருமலை அடக்கவேண்டும். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுத்துப் போகிறீர்களா? அதைக் கழற்றி வைத்துவிட்டு மார்போடு மாட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். வீட்டில் ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணி போடுகிற பழக்கம் இருந்தால் அவன் இருக்கும் அறையில் வேண்டாம்.

பக்கத்து வீட்டு மாமி சொன்ன வலிப்பையும் நான் தள்ளிவிடவில்லை. கால் விறைத்து, மூத்திரம் போனால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், எனக்கே தோன்றியிருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காக்கர் ஸ்பேனியல், ஒன்பது வயசு, வாரத்துக்கு ஒரு தடவை விழுந்து கால் விறைக்கும் என்று கொண்டுவந்தார்கள். மேஜையில் ஏறினதும் நன்றாகத்தான் இருந்தது. கிளினிக்கில் கூட்டம், நான் ஸ்டெதாஸ்கோப்பைப் பத்து வினாடிகூட வைத்திருக்க மாட்டேன், ஃபிட்ஸ் என்று முடிவு கட்டி ஃபீனோபார்பிட்டால் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டம்மா வந்து, "டாக்டர், இவன் விழும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், ஒண்ணு துடிச்சா அடுத்தது வர ரொம்ப நேரமாகுது" என்றார். ஈசிஜி போட்டுப் பார்த்தால் துடிப்பு நிமிஷத்துக்கு 40, மேல் அறையின் கட்டளை கீழ் அறைக்குப் போய்ச் சேரவே இல்லை. முழு ஹார்ட் பிளாக். அந்த நாய்க்குத் தேவைப்பட்டது பேஸ்மேக்கர், நான் கொடுத்ததோ தூக்க மாத்திரை. அந்த அம்மாவின் கை கண்டுபிடித்ததை என் ஸ்டெதாஸ்கோப் தவறவிட்டது. இன்றைக்கு விழுந்த நாய் எது வந்தாலும் ஒரு முழு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

அதனால் வித்தியாசம் எங்கே தெரியும் என்று சொல்கிறேன். மயங்கி விழுவது பெரும்பாலும் ஏதோ ஒரு அசைவில், உற்சாகத்தில், இருமலில் நடக்கும். உடம்பு துணி மாதிரி துவண்டு, சிலசமயம் முன்னங்கால் நீண்டு தலை பின்னால் வளையும், ஒரு கத்தல் கேட்கும், ஈறு வெளுத்திருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல உங்களைத் தெரிந்துகொள்ளும். வலிப்பு பெரும்பாலும் சும்மா படுத்திருக்கும்போதோ தூக்கத்திலோ வரும். தாடை மெல்லும், எச்சில் ஒழுகும், கால்கள் சைக்கிள் மிதிக்கும், ஒன்று இரண்டு நிமிஷம் நீடிக்கும். முடிந்த பிறகும் அரை மணி, ஒரு மணி வரை வீட்டு ஆளையே தெரியாமல் சுவரில் மோதிக்கொண்டு அலையும். ஜிம்மி எழுந்ததும் வாலை ஆட்டினான் என்ற அந்த ஒரு வரி என் கணக்கில் வலிப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அடுத்த தடவை நடந்தால் ஒருவர் அவனைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். எழுந்து நடக்கிறவரை எடுங்கள், பாதியில் அணைத்துவிடாதீர்கள். எழுந்த விதம்தான் எனக்கு முக்கியம்.

விழும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்தை நேராக நீட்டிவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். வாய்க்குள் கை விடக் கூடாது, முகத்தில் தட்டக் கூடாது, எல்லாரும் சுற்றி நின்று பெயர் சொல்லிக் கத்தினாலும் அவனுக்குப் படபடப்புதான் கூடும். உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பாருங்கள். இடது முழங்கைக்குப் பின்னால், விலாவில் உள்ளங்கையை வைத்தால் துடிப்பு தெரியும், அது வேகமா, மெதுவா, நின்று நின்று வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இன்றைக்கு அவன் நன்றாகத் தூங்கும்போதே ஒரு தடவை வைத்துப் பழகிவிடுங்கள், இல்லையென்றால் பதற்றத்தில் உங்கள் கை நடுக்கம்தான் உங்களுக்குத் தெரியும். நெஞ்சை அமுக்குவது மூச்சும் இல்லை, துடிப்பும் இல்லை என்றால் மட்டும். அப்போது நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அமுங்கும்படி, முப்பது தடவைக்கு ஒருமுறை வாயை மூடி மூக்கு வழியாக இரண்டு மூச்சு ஊதவேண்டும். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற நாயை அமுக்கினால் விலா எலும்புதான் உடையும்.

என்னைப் பயமுறுத்துகிற விழுகை எது என்றும் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் ஏமாற்று வேலை. விழுந்தவன் எழவே இல்லை, அல்லது எழுந்தும் நிற்க முடியவில்லை, ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது என்றால், விரிந்து மெலிந்த மேல் அறையின் சுவர் கிழிந்து, இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த ரத்தத்துக்குப் போக இடமில்லை, வெளியிலிருந்து இதயத்தையே நெருக்கும். இன்னொன்று, வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய நரம்பு போன்ற கயிறுகளில் ஒன்று அறுந்துபோவது. ஜூலை மாதம் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஒரு காற்று அடித்ததும் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்ளுமே, அப்படித்தான் வால்வின் மடல் தலைகீழாகத் திரும்பிவிடும், சில மணி நேரத்தில் நுரையீரல் நீரால் நிரம்பும். மூச்சு இரைக்கும், நாக்கு நீலம் பாரிக்கும், சிலசமயம் மூக்கில் இளஞ்சிவப்பு நுரை வரும். இந்த இரண்டிலும் "காலையில் பார்ப்போம்" கிடையாது.

ராத்திரி அவசரத்துக்கு எங்கே போவது, எதில் போவது என்பதை இன்றைக்குப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் பக்கம் ஆட்டோ வராது, சயானோடு நின்றுவிடும், காலி-பீலி (கறுப்பு மஞ்சள்) டாக்ஸிக்காரர் நாயைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போனாலும் போவார். தெரிந்த டிரைவர் ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற பரேல் விலங்கு மருத்துவமனை உங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயோ, உங்கள் டாக்டர் சொல்கிற வேறு இடத்திலேயோ, ராத்திரியில் ஆக்ஸிஜனோடு யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய எக்கோ ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் இந்த வயசில் உண்டு. மண்ணீரலில் கட்டி வந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்து கால் துவளலாம், மும்பை மழைக்குப் பிறகு எங்கள் மேஜைக்கு வரும் நாய்களின் காதைத் திருப்பினால் உண்ணி இல்லாத காதைப் பார்ப்பது கஷ்டம். காதுச் சமநிலை கெட்டுத் தலை ஒரு பக்கம் சாய்ந்து சுற்றி விழுகிற கிழ நாய்களும் உண்டு, அதைப் பக்கவாதம் என்று நினைத்து அழுதுகொண்டே வருவார்கள். எப்படியும் ரத்தம் எடுக்கப் போகிறீர்கள், ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இதைப் படிக்கிறவர்களில் டாபர்மேன், பாக்ஸர் வளர்க்கிறவர்கள் இருந்தால், உங்களுக்கு மேலே சொன்ன ஆறுதல் எதுவும் பொருந்தாது. அந்த ஜாதிகளில் இதயத் தசையே கெட்டு, கீழ் அறையிலிருந்து தப்புத் துடிப்புகள் வரும், ஒரு தடவை விழுந்தது எச்சரிக்கை, அடுத்தது உயிரையே எடுக்கலாம். மர்மர்கூடக் கேட்காமல் இருக்கும். ஹோல்டர் என்கிற, உடம்பிலேயே மாட்டிவிடும் ஈசிஜி கருவியை வைத்து 24 மணி நேரம் பதிவு செய்யாமல் விடாதீர்கள்.

ஜிம்மிக்கும் எனக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட அதுதான். கிளினிக்கில் எடுக்கிற ஈசிஜி இரண்டு மூன்று நிமிஷம், அந்த நேரத்தில் அவன் ஒழுங்காகத் துடித்துவிட்டால் தாளில் ஒன்றும் இருக்காது, நாமும் ஏமாந்துபோவோம். ஹோல்டரை மார்பில் ஒரு பனியன் மாதிரி கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் பையனைப் புனேயிலிருந்து வரச் சொல்லிக் காலிங்பெல்லை அடிக்கச் சொல்லலாம் என்றுகூட ஒரு எண்ணம் வருகிறது, வேண்டாம், சாதாரண நாளாகவே இருக்கட்டும். எது எதற்கு முன் என்று வரிசை கேட்டால், இன்றைக்கு ரத்தமும் ரத்த அழுத்தமும், இந்த வாரத்துக்குள் எக்ஸ்ரேயும் எக்கோவும், அதற்குப் பிறகு ஹோல்டர். எல்லாம் ஒரே நாளில் அலைந்து முடிக்கவேண்டாம், அந்த அலைச்சலே அவனை விழவைக்கும்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அவன் நன்றாகத் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நுரையீரல் பற்றிக் கவலை இல்லை. இரண்டு மூன்று தடவை எண்ணியும் 30-க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், லாசிக்ஸைக் கூட்டுவதா இல்லையா என்று பேசவேண்டிய நேரம் அதுதான். பிமோபெண்டானைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் கொடுங்கள், சோற்றில் ஒளித்துக் கொடுத்தால் முழுசாக ஏறாது. தயிர் சாதத்தில் உப்பு வேண்டாம். அப்பளம் வேண்டவே வேண்டாம், கிழவன் கேட்கிறானே என்று மேஜைக்கு அடியில் ஒரு துண்டு நீட்டுகிற கை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், உங்கள் வீட்டில் யார் என்று எனக்குத் தெரியாது, அவரிடம் சொல்லுங்கள்.

பிழைப்பானா என்று கேட்டீர்கள். நுரையீரலில் ஒரு தடவை நீர் கோத்த வால்வு நாய்க்கு நாங்கள் மாதங்களில்தான் கணக்குச் சொல்வோம். மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கிற வீடுகளில் வருஷம் தாண்டினவர்களும் என்னிடம் வருகிறார்கள். விழுவது மட்டுமே அந்தக் கணக்கைக் குறைத்துவிடாது, ஏன் விழுந்தான் என்பதைப் பொறுத்தது. உங்கள் மூன்றில் ஒன்று மருந்தளவினால் வந்தது என்று நான் நினைப்பது சரியாக இருந்தால், அது இந்த வாரமே தீர்ந்துவிடும். இருமல் அடக்கக்கூடியது. காலிங்பெல்தான் மிச்சம். அதன் வயரைக் கழற்றிவிட்டு, வருகிறவர்களைக் கீழிருந்தே போன் செய்யச் சொல்லுங்கள். பையன் வருகிற அன்று உள்ளே வந்ததும் ஐந்து நிமிஷம் அவனைக் கொஞ்சாமல் சோபாவில் உட்காரட்டும், அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். தீபாவளிக்கும் கணபதி ஊர்வலத்துக்கும் தெருப் பக்கம் இல்லாத உள் அறையில் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படி வேண்டாம், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். மைத்துனர் இவ்வளவு அக்கறையாக இருக்கிறாரே, அந்த வேலையை அவருக்கே கொடுத்துவிடலாம். மார்பை நெருக்காமல் பின்புறத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.